ஊர்வலத்துக்குப் போகும் அம்மாவும் வேலிக்கு அந்தப் பக்கத்து அயலும்

திருகோணமலையில் அறுபது தாண்டிய அம்மாமார் பலருக்கு இரண்டு விஷயத்தில் ஓய்வே கிடையாது. ஒன்று பக்கத்து வளவு, மற்றது ஊர்வலம். விடியற்காலையில் அயல் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் வேலிக்குக் கீழால் வந்து கறிவேப்பிலையடியில் தேங்கி நிற்பதைக் கண்டு ஏசத் தொடங்குவார். பத்து மணிக்குக் கச்சேரியடியில், அதாவது மாவட்டச் செயலக வாசலில், கவனயீர்ப்புப் போராட்டம் என்று போன் வந்தால் ஏச்சைப் பாதியில் விட்டுவிட்டு, சேலையை மாற்றிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். கொழும்பிலும் கனடாவிலும் இருக்கும் பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கிறார்கள். "இந்த வயசில ஏனம்மா உங்களுக்கு இந்தத் தேவையில்லாத வேலை? பேசாம வீட்டில இருங்கோ" என்பதுதான் அவர்கள் சொல்லும் புத்திமதி.

அந்தப் புத்திமதி பாதி பிழை. ஊர்வலத்தால் அம்மாவுக்கு வரும் தீங்கு குறைவு, ஆயத்தத்தோடு போனால் இன்னும் குறைவு. வீட்டைக் குலைப்பது வேலிச் சண்டைதான். பிரஷரைக் கூட்டுவதும், பொலிஸ் வாசலுக்கு இழுத்துப் போவதும், வருஷக்கணக்கில் வழக்காடவைப்பதும் அது. ஊர்வலத்துக்குப் போகிறவர் ஏற்கெனவே ஒரு முறையைப் பழகியவர்: கோரிக்கையை எழுத்தில் வைப்பது, மகஜரில் கையெழுத்திடுவது, உரிய அலுவலகத்தின் வாசலில் போய் நிற்பது, பதில் வரும்வரை கேட்டுக்கொண்டிருப்பது. வேலி விஷயத்திலும் அந்த முறையே நடக்கும்படி பிள்ளைகள் கைகொடுக்கவேண்டும். ஊர்வலத்துக்கும் கைகொடுக்கவேண்டும்.

இந்த ஊரில் ஏன் இவ்வளவு போராட்டம் என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பதுண்டு. கிழக்கு மாகாணத்தின் தலைநகர் இது. ஆளுநர் செயலகமும் மாகாணத் திணைக்களங்களும் இங்கே இருப்பதால் மட்டக்களப்பு ஆசிரியரும் அம்பாறைப் பட்டதாரியும் தங்கள் குறையைச் சொல்ல இங்கேதான் பஸ் ஏறி வருகிறார்கள். ஊரின் சொந்தக் கணக்கு அதைவிடப் பெரிது. 2006 ஜனவரி 2 அன்று கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வழக்கில் நிறுத்தப்பட்ட 13 பேரும் 2019 இல் விடுவிக்கப்பட்டார்கள். அதே 2006 ஆகஸ்டில் மூதூரில் தொண்டு நிறுவனமொன்றின் பணியாளர்கள் 17 பேர் கொல்லப்பட்டார்கள். சம்பூர் மக்கள் அந்த வருஷம் இடம்பெயர்ந்து, தங்கள் காணிகளை மிதிக்க ஏறத்தாழ பத்து வருஷம் காத்திருந்தார்கள். 2017 இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் வடக்கிலும் கிழக்கிலும் தெருவில் உட்கார்ந்தபோது திருகோணமலைத் தாய்மாரும் உட்கார்ந்தார்கள். 2021 பெப்ரவரியில் பொத்துவிலில் தொடங்கிப் பொலிகண்டியில் முடிந்த நடைபயணம் இந்த மாவட்டத்தின் ஊடாகவே போனது. அந்த வருஷம் நவம்பர் 23 அன்று குறிஞ்சாக்கேணியில் ஆட்களை ஏற்றி இறக்கும் படகுப் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறந்தபோது கிண்ணியா மக்கள் அன்றைக்கே தெருவுக்கு வந்தார்கள். இவ்வளவையும் பார்த்த ஒரு பெண் வீட்டில் பேசாமல் இருக்கவேண்டும் என்று கேட்பது அவரைப் புரிந்துகொள்ளாத பேச்சு.

ஆகவே, போகட்டும். எப்படிப் போவது என்பதுதான் விஷயம்.

வெயிலும் தண்ணீரும் மாத்திரையும்

மே முதல் செப்டெம்பர் வரை இங்கே கச்சான் காற்று. வெப்பம் 35 பாகை செல்சியஸைத் தொடும். அந்தக் காற்று வறண்டது, வியர்வையை உடனேயே உலர்த்திவிடும். உடம்பு நனையாததால் தண்ணீர் போவதே தெரியாது, தலை சுற்றும்போதுதான் தெரியும். எனவே தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஒரு லீற்றர் போத்தலைக் கொண்டுபோய், கால் மணித்தியாலத்துக்கு ஒரு தரம் இரண்டு மூன்று மிடறு குடிக்கவேண்டும். இருதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ மருந்து எடுப்பவருக்கு வைத்தியர் தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்தியிருந்தால் அந்த அளவைத் தாண்டக் கூடாது. அவர் வெயிலில் நிற்கும் நேரத்தைத்தான் குறைக்கவேண்டும்.

ஜீவனி என்ற உப்பு-சீனிக் கரைசல் தூள் பைக்கற்றைப் பையில் போட்டுக்கொண்டு போவது நல்ல பழக்கம். ஆனால் அரைப் பைக்கற்றைக் கண்மதிப்பில் சின்னப் போத்தலில் கொட்டிக் குலுக்குவது பிழை. ஒரு முழுப் பைக்கற்றுக்கு ஒரு முழு லீற்றர் என்பதுதான் கணக்கு. செறிவு கூடினால் குடலுக்குள் தண்ணீரை இழுத்து நிலைமையை மோசமாக்கும். கரைத்ததை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைத்துக் குடிக்கக் கூடாது. அதில் உப்பும் சீனியும் இருப்பதால் பிரஷரும் டயபிட்டீசும் உள்ளவர்கள் அதைச் சர்பத் மாதிரிக் குடிக்காமல், களைத்து விழும் நிலை வந்தால் மட்டும் எடுக்கவேண்டும்.

ஏற்பாட்டாளர்கள் பேசாத ஒரு விஷயம் கழிப்பறை. தெருவில் மயங்கி விழும் பெண்களில் பலர் தண்ணீர் கிடைக்காமல் விழுவதில்லை. ஒதுங்க இடமில்லை என்று காலையிலிருந்தே குடிக்காமல் வந்திருப்பார்கள். மூதூரிலிருந்தும் வெருகலிலிருந்தும் அதிகாலை பஸ் ஏறுபவர்களுக்கு இது இன்னும் கொடுமை. கூட்டம் எங்கே கூடுகிறது என்று தெரிந்தவுடன் அம்மா கேட்கவேண்டிய முதல் கேள்வி, கிட்டத்தில் எந்தக் கோயிலில், எந்தத் தேவாலயத்தில், எந்தத் தெரிந்த வீட்டில் கழிப்பறைக்குப் போகலாம் என்பதுதான். சிவன் கோயிலடியில் கூடுவது என்றால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு வீட்டுக்காரருக்கு முதல் நாளே சொல்லி வைக்கலாம். பெண்கள் குழுவொன்று ஏற்பாடு செய்யும் போராட்டம் என்றால் துண்டுப்பிரசுரத்திலேயே அந்த இடத்தைப் போடவேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஒலிபெருக்கிக்குச் செலவழிக்கும் காசில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும்.

சீனி வருத்தம் உள்ளவர் சாப்பிடாமல் போகக் கூடாது. ஒரு மணித்தியாலக் கவனயீர்ப்பு என்றுதான் சொல்வார்கள். மகஜரை வாங்க அதிகாரி வெளியே வரச் சுணங்கினால் அது மூன்று மணித்தியாலமாகும். மெற்போமின் மட்டும் எடுப்பவருக்குச் சீனி அளவு கீழிறங்குவது அரிது. கிளிக்கிளசைட் போன்ற மாத்திரை எடுப்பவருக்கும் இன்சுலின் போடுபவருக்கும் அது எளிதில் இறங்கும். கை நடுங்கி, நெற்றி குளிர்ந்து வியர்த்து, பேச்சுத் தடுமாறினால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணித்தியாலம் நிழலில் இருத்திப் பார்க்கவேண்டும். சரிவராவிட்டால் இன்னொரு தரம் கொடுத்து, தேறியவுடன் பிஸ்கட்டோ பாணோ சாப்பிடக் கொடுக்கவேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 1990 க்கு அடிக்கவேண்டும். அந்த அம்புலன்ஸ் இலவசம். சுழற்சிமுறை உண்ணாவிரதத்தில் இப்படிப்பட்டவர் பெயர் கொடுக்கவே கூடாது. பந்தலுக்குள் பக்கத்தில் இருந்து துணை நிற்பதும் போராட்டம்தான்.

பின்வார் உள்ள செருப்பு, பருத்திச் சேலை, தோளில் குறுக்காகப் போடும் சின்னப் பை. பைக்குள் அடையாள அட்டை, கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தின் போட்டோப்பிரதி, அன்றைய மாத்திரை, பஸ் காசு. போன் பற்றரி இறங்கிவிட்டால் என்ன செய்வது என்பதற்காக இரண்டு நம்பரை முன்னங்கையில் பேனையால் எழுதிக்கொள்ளட்டும். வாயில் கறுப்புத் துணி கட்டும் போராட்டம் என்றால் ஆஸ்துமா உள்ளவர் அதைத் தளர்வாகக் கழுத்தில் போட்டுக்கொண்டால் போதும்.

கண்ணீர்ப்புகை இந்த ஊர் அம்மாமாருக்கு அடிக்கடி நேர்வதில்லை. ஆனாலும் கூட்டத்தின் நடுவில் நிற்பதைவிட ஓரத்தில், வெளியேறும் ஒழுங்கை ஒன்றுக்குப் பக்கத்தில், காற்று முதுகுப் பக்கமிருந்து வருமாறு நிற்பது நல்லது. கண் எரிந்தால் கசக்காமல் வெறும் தண்ணீரால் கழுவவேண்டும்.

அட்டையில் என்ன எழுதுவது

சுலோக அட்டை பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அதில்தான் எங்கள் ஆட்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். ஒரு பிரிஸ்டல் அட்டையைப் பாதியாக வெட்டினால் ஒருவருக்கு அளவு. அதில் மூன்று நீண்ட வாக்கியங்களை நீலப் பேனையால் எழுதினால் பக்கத்தில் நிற்பவருக்குக்கூட வாசிக்க முடியாது. பத்தடித் தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்று கணக்கு வைத்தால் தெளிவாகத் தெரியும். படம் எடுப்பவர் முப்பதடியில் நிற்பார், அப்படியானால் எழுத்து மூன்று அங்குலம். அந்த அளவில் பாதி அட்டைக்குள் ஐந்து ஆறு சொல்தான் அடங்கும். அது நல்லதே, கோரிக்கையைச் சுருக்க வைக்கும். "எங்கள் காணி எங்களுக்கு வேண்டும்" என்று எழுதினால் போதும். எந்தக் காணி, எத்தனை ஏக்கர், யார் பிடித்திருக்கிறார்கள் என்பதெல்லாம் மகஜரில் வரவேண்டும்.

தண்ணீரில் கரையாத கறுப்பு மார்க்கரால் எழுதி, மேலே அகலமான செலோற்றேப்பை வரிசையாக ஒட்டிவிட்டால் மாரி மழையிலும் நிற்கும். தடி பிடிக்கத் தேவையில்லை. கட்டைத் தடியைப் பொலிசார் ஆயுதம் என்று சொல்ல இடம் கொடுக்கும், வயதானவரின் தோளும் வலிக்கும். இரண்டு மூலையிலும் துளை போட்டு நூல் கட்டிக் கழுத்தில் மாட்டினால் கை சும்மா இருக்கும். அமைச்சுக்குப் போகவேண்டிய செய்தி என்றால் சிங்களத்திலும் ஓர் அட்டை வேண்டும். அதைச் சிங்களம் படித்த ஒருவரிடம் காட்டாமல் தூக்கக் கூடாது. எழுத்துப் பிழை உள்ள அட்டை பத்திரிகையில் வந்தால் ஆட்கள் பிழையைத்தான் பார்ப்பார்கள்.

அறிவித்தல், தடையுத்தரவு, வாசலுக்கு வருபவர்கள்

அமைதியாக ஒன்றுகூடும் உரிமை அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரையில் இருக்கிறது. ஊர்வலமாகத் தெருவில் நடந்து போவதென்றால் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77 ஆம் பிரிவின்படி தொடங்குவதற்குக் குறைந்தது ஆறு மணித்தியாலம் முன்னதாக நிலையப் பொறுப்பதிகாரிக்கு அறிவிக்கவேண்டும். சட்டம் கேட்பது அறிவித்தல்தான் என்பதை ஏற்பாட்டாளர்கள் மறக்கக் கூடாது. கடிதம் "அனுமதி தாருங்கள்" என்று தொடங்காமல் "அறியத்தருகிறோம்" என்று தொடங்கட்டும். எங்கே தொடங்கி எந்த வீதியால் எங்கே முடியும், யார் பொறுப்பு, எத்தனை மணிக்கு என்று எழுதி, இரண்டாவது பிரதியில் முத்திரை வாங்கி வைக்கவேண்டும். ஒலிபெருக்கிக்கு 80 ஆம் பிரிவின் கீழ் அனுமதிப்பத்திரம் தனியாக வேண்டும்.

அம்மா போகுமுன் ஏற்பாட்டாளரிடம் கேட்கவேண்டிய ஒரு கேள்வி உண்டு: தடையுத்தரவு ஏதும் இருக்கிறதா? குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 106 ஆம் பிரிவின் கீழ் நீதவான் அவசரக் கட்டளை போடலாம். அது 14 நாளுக்கு மேல் செல்லாது. இப்படியான கட்டளைகளில் பெயர்களைக் குறிப்பிடுவது வழக்கம். யாருடைய பெயர்கள், எந்த இடம், எந்தத் திகதி என்று ஒரு சட்டத்தரணி வாசித்துச் சொல்லவேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் "தடை விழுந்திட்டுதாம்" என்ற செய்தியை நம்பி வீட்டில் நிற்கவும் வேண்டாம், உண்மையான கட்டளையை வாசிக்காமல் போகவும் வேண்டாம்.

நினைவேந்தலுக்குப் பிறகு இரண்டு பேர் மோட்டார்சைக்கிளில் வந்து, "யார் கூப்பிட்டது, யார் வந்தது" என்று விசாரிப்பது இந்த மாவட்டத்தில் யாருக்கும் புதிதில்லை. அம்மா பயந்து எல்லாவற்றையும் ஒப்புவிக்கத் தேவையில்லை, சத்தம் போடவும் தேவையில்லை. "தம்பி, உங்கட பெயர் என்ன? எந்த ஸ்ரேசன்? அடையாள அட்டையைக் காட்டுங்கோ" என்று கேட்டு, எழுதிக்கொள்ளட்டும். நிலையத்துக்கு வரச் சொன்னால் எழுத்தில் தமிழில் தாருங்கள் என்று கேட்கலாம். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி. வாக்குமூலம் கொடுப்பதானால் விளங்காத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைக்கவே கூடாது. வாசித்து விளங்கப்படுத்தும்வரை காத்திருக்கவேண்டும். கைது என்றால் காரணம் சொல்லவேண்டும், சாதாரண சட்டத்தின் கீழ் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தவேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் துரித இலக்கம் 1996. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போட ஒரு மாதம்தான் தவணை. அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால் விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. இது பலருக்குத் தெரியாமல் வழக்கே கைவிட்டுப் போயிருக்கிறது.

இனி வேலி

ஊர்வலத்தில் இவ்வளவு ஒழுங்காக நிற்கிற அதே மனுஷி வேலியடியில் ஏன் கொதிக்கிறார்? தெருவில் அவருக்குப் பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள், எழுதப்பட்ட கோரிக்கை இருக்கிறது. வேலியடியில் அவர் தனி. கையில் கடதாசி ஒன்றும் இல்லை, தொண்டை மட்டும்தான் இருக்கிறது. அதனால் நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கிக் கொடுப்பது பிள்ளைகள் செய்யக்கூடிய முதல் உதவி. திகதி, நேரம், என்ன நடந்தது, யார் கண்டது, படம் எடுத்ததா. ஒரு சம்பவத்துக்கு மூன்று வரி. படத்தில் தண்ணீரும் மதிலும் மட்டும் வரவேண்டும், அயல் வீட்டுப் பெண்பிள்ளைகள் வரக் கூடாது. எழுதத் தொடங்கினால் இரண்டு விஷயம் நடக்கும். கோபத்தில் பாதி கொப்பிக்குள் போய்விடும். மிச்சம் எது உண்மையான பிரச்சினை என்று தெரியவரும்.

தண்ணீரை எடுப்போம். வேலிக்குக் கீழால் ஈரம் வருகிறது என்றால் முதலில் அது யாருடையது என்று பார்க்கவேண்டும். இரவு தன் வீட்டுத் தாங்கியின் வால்வைப் பூட்டி, ஒரு துளி பாவிக்காமல் விட்டு, விடிய ஈரத்தைப் பார்த்தால் சொந்தக் குழாய் ஒழுகுகிறதா என்பது தெரியும். அயல் வீட்டுத் தண்ணீர்தான் என்றால் அதற்கும் காரணம் இருக்கிறது. சோப்பும் எண்ணெயும் கலந்த தண்ணீரை வருஷக்கணக்கில் விட்டால் சோக்கேஜ் பிட்டை, அதாவது கழிவுத் தண்ணீரை உறிஞ்சும் குழியை, சுற்றியுள்ள மண்ணின் துவாரங்கள் அடைபடும். முந்தி உறிஞ்சிய குழி உறிஞ்சாமல் விடும், மேலால் வழியும். உப்புவெளிப் பக்கத்து மணல் கொஞ்சம் தாங்கும், களித்தரை தாங்காது. குழியைப் புதிதாகத் தோண்டி உடைந்த செங்கல் நிரப்பி, முன்னால் எண்ணெய் பிடிக்கும் சின்னத் தொட்டி ஒன்று வைத்தால் பிரச்சினை தீரும். ஆக, கோரிக்கை "உங்கட ஊத்தைத் தண்ணி" என்று தொடங்காமல், "இந்தக் குழி அடைபட்டிருக்கு, இந்த மாசத்துக்குள்ள மாத்தித் தாங்கோ" என்று வரவேண்டும்.

கிணறு இருந்தால் விஷயம் பாரதூரம். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 50 அடி விடவேண்டும் என்று பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொல்வார். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. பத்துப் பேர்ச் காணி சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறத்தாழ 52 அடிதான். நாலு பக்கமும் வீடு உள்ள ஒழுங்கையில் எல்லோருடைய குழியிலிருந்தும் எல்லோருடைய கிணறும் 50 அடி தள்ளியிருப்பது மிகக் கஷ்டம். காணியைத் துண்டு துண்டாகப் பிரித்தபோதே விழுந்த பிழை இது. பக்கத்து வீட்டுக்காரரை ஏசுவதைவிட, இரண்டு வீடும் சேர்ந்து கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்க பி.எச்.ஐ.யிடம் கேட்பதும், குடிக்கக் குழாய் இணைப்பு எடுப்பதும்தான் புத்தி. நுளம்புக் குடம்பி உள்ள தேங்கிய தண்ணீர் என்றால் 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. மாரி தொடங்குமுன், ஒக்டோபரிலேயே சொல்லவேண்டும். டெங்கு வந்தபிறகு பி.எச்.ஐ.க்கு நேரம் இருக்காது.

எல்லைதான் இந்த ஊரில் பெரிய நோவு. உயிர்த்தடிகளை நட்டு அடைக்கும் கதியால் வேலி எப்படி நகர்கிறது என்று கிட்டப் போய்ப் பாருங்கள். பழைய பூவரசங் கதியால் பருத்துவிடும். வேலியைப் புதுப்பிக்கும்போது புதுக் கதியாலை அதே குழியில் நட முடியாது, பக்கத்தில் நடுவார்கள், அனேகமாக அந்தப் பக்கத்தில். ஒவ்வொரு அடைப்புக்கும் ஒரு சாண் போகும். பிறகு ஒருநாள் மதில் வருகிறது. மதிலின் அகலம் ஆறு அங்குலம், அதன் அத்திவாரம் அதைவிட அகலம். கோட்டின் நடுவில் மதில் வைத்தால் அத்திவாரத்தின் பாதி அயல் காணிக்குள். மண்ணுக்குள் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, அடுத்த வீட்டுக்காரர் குழாய் பதிக்கத் தோண்டும்போதுதான் சண்டை வெடிக்கும்.

கயிறு பிடித்து அளக்கவேண்டாம். காணி உறுதியையும் (பத்திரத்தையும்) வரைபடத்தையும் எடுத்து, அனுமதி பெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு, இரண்டு வீட்டாரும் முன்னால் நிற்க, செலவைப் பாதி பாதியாகப் பகிர்ந்து அளந்து எல்லைக்கல் போடவேண்டும். ஒருவர் தனியாகக் கூப்பிட்ட அளவையாளரின் கோட்டை மற்றவர் நம்பமாட்டார். இடம்பெயர்வில் உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பதிவேட்டுப் பிரதி எடுக்கலாம். பத்து வருஷம் தடையில்லாமல் ஆண்டால் ஆட்சியுரிமை என்ற சட்டம் இங்கே பல குடும்பங்களின் வயிற்றில் புளியைக் கரைத்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை தங்கள் காணிக்கு வரமுடியாதவர்களுக்காக 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. அதன் கீழ் வழக்குப் போட இரண்டு வருஷமே கொடுக்கப்பட்டது. போட்டவர்கள் கொஞ்சம், கேள்விப்படாமலே விட்டவர்கள் கனக்க. புதிதாக யாராவது காணிக்குள் புகுந்து வெளியேற்றினால் இரண்டு மாதத்துக்குள் நீதிமன்றம் போகவேண்டும். ஆரம்ப நீதிமன்றச் சட்டத்தின் 66 ஆம் பிரிவு அதற்குத்தான். மூன்றாம் மாதம் போனால் அந்த வழி அடைபட்டுவிடும்.

மரக்கிளை, சத்தம், மாடு, மான் என்று மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். முருங்கைக் கிளை மேலால் வந்தால் கேட்டுவிட்டு வெட்டுங்கள். பலாவையும் ஈரப்பலாவையும் அடியோடு தறிக்கப் பிரதேச செயலகத்தின் அனுமதி வேண்டும். ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அனுமதி கொடுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007 இல் சொன்னது. அதைத் தூக்கிக்கொண்டு கோயிலடிக்கோ பள்ளிவாசலுக்கோ போகுமுன், குழாய் ஸ்பீக்கரின் வாயைத் திருப்பச் சொல்லிப் பாருங்கள். அது நேராகத்தான் சத்தத்தைத் தள்ளும், திருப்பினால் வீட்டுக்குள் குறைந்துவிடும். நகரத்துக்குள் செவ்வரத்தையைத் தின்னும் மானுக்காகப் பக்கத்து வீட்டுக் கேற்றைக் குறை சொல்பவர்கள் உண்டு. மான் எந்த வீட்டுக்கும் சொந்தமில்லை, வலை அடித்துச் செடியைக் காப்பதுதான் வழி.

பேசியும் சரிவராவிட்டால் கிராம சேவகர், அதற்குப் பிறகு இணக்க சபை. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த சபை அது. அனேகமாக வார இறுதியில் பாடசாலையொன்றில் கூடும், சட்டத்தரணிகள் பேச வரமாட்டார்கள், செலவு இல்லை என்றே சொல்லலாம். மூன்று பேர் இருந்து இரண்டு பக்கத்தையும் கேட்பார்கள். அங்கே கொப்பிதான் பேசும். "எப்ப பார்த்தாலும் தண்ணி விடுறா" என்பதற்கும், திகதியும் நேரமும் படமும் உள்ள ஒரு பக்கத்துக்கும் இருக்கும் வித்தியாசத்தை அந்த மூன்று பேரும் உடனே உணர்வார்கள். ஒரு கோரிக்கை மட்டும் வைக்கவேண்டும். இருபது வருஷத்துக் கணக்கையும் கொட்டினால் ஒன்றும் தீராது. இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழ் தருவார்கள், பல பிணக்குகளில் அது இல்லாமல் நீதிமன்றம் வழக்கை ஏற்காது. பொலிசில் முறைப்பாடு போட்டாலும் இலக்கத்தை எழுதி வாங்கி வரவேண்டும்.

இந்த ஊரில் வேலிக்கு அந்தப் பக்கம் சிங்களக் குடும்பமோ முஸ்லிம் குடும்பமோ இருக்கலாம். அப்போது கழிவுத் தண்ணீர் கழிவுத் தண்ணீராகவே இருக்கவேண்டும். "அவங்கள் எல்லாரும் இப்பிடித்தான்" என்ற ஒரு வசனம் வெளியே வந்தால் குழியடைப்பு இனச் சண்டையாகிவிடும், பிறகு எந்த இணக்க சபையாலும் தீர்க்க முடியாது. முகநூலில் அயலவரைப் பற்றி எழுதவே வேண்டாம். 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தபின் அம்மாவின் ஒரு கோபப் பதிவு, அவர்கள் கையில் இன்னொரு முறைப்பாடாகப் போய்ச் சேரலாம். போராட்டத்துக்குக் கூட வருபவர்களைச் சொந்த வேலிச் சண்டைக்கு ஆள் சேர்ப்பதும் கூடாது. அது போராட்டத்தின் பெயரைக் கெடுக்கும். அடுத்த தரம் தாய்மார் உட்காரும்போது, வேலிக்கு வந்த கூட்டம்தானே என்று சொல்ல ஆள் இருக்கும்.

இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடம் ஒன்று இருக்கிறது. ஊர்வலத்துக்குப் போகும் பெண்ணைப் பற்றி விசாரிக்க வருபவர்கள் முதலில் தட்டுவது பக்கத்து வீட்டுக் கதவைத்தான். இரவில் வாசலில் வாகனம் நின்றால் முதலில் காண்பதும் அவர்கள்தான், கத்தினால் ஓடிவரக்கூடியவர்களும் அவர்கள்தான். கனடாவில் இருக்கும் மகனால் இரவு பதினொரு மணிக்கு வேலியைத் தாண்டி வர முடியாது. அயலோடு முகம் முறிந்த அம்மா தெருவில் எவ்வளவு பலமாக நின்றாலும் வீட்டில் தனித்துப் போகிறார்.

ஆகவே குழி மாற்றுவது முடிந்தாலும் முடியாவிட்டாலும், போகும் நாளில் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகட்டும். "பிள்ளை, நான் ரவுனுக்குப் போறன், ரெண்டு மணிக்குள்ள வந்திடுவன், கோழியை ஒருக்காப் பாருங்கோ." அதோடு ஒரு துண்டுக் கடதாசி: மகளின் நம்பர், ஒரு சட்டத்தரணியின் நம்பர், 1990, 1996, எடுக்கும் மருந்தின் பெயர். எந்த ஊர்வலம், யார் வருகிறார்கள் என்பதெல்லாம் அதில் வேண்டாம், அவர்களையும் இக்கட்டில் மாட்டக் கூடாது. நம்பர்கள் மாறும், மருந்தும் மாறும். வருஷத்துக்கு இரண்டு தரம், கிளினிக் போய்வரும் நாளில், அந்தத் துண்டைப் புதிதாக எழுதிக் கொடுக்கவேண்டும்.